கூட்டுப்பிரார்த்தனையில் கொஞ்ச நேரம் பாடாமல் இருக்கலாமா?

வெள்ளவத்தையாள்

வணக்கம். எங்கள் தொடர்மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டுப்பிரார்த்தனை நடக்கிறது. மேல்மாடியில் ஒரு சின்ன மண்டபம், இருபது பேர் வந்தால் நிறைந்துவிடும். விநாயகர் துதி, பஞ்சபுராணம், பிறகு பஜனைப் பாடல்கள், கடைசியாகத் திருப்புகழும் வாழ்த்தும். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டு மணிக்கு முன் அவித்த கடலையும் கையுமாக எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

போன மாதம் ஒரு அக்கா கேட்டார்: "இவ்வளவு பாடுகிறோமே, ஒரு பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் சேர்ந்து இருந்தால் என்ன?" அவ்வளவுதான். வட்ஸ்அப் குழுவில் இப்போது இரண்டு கட்சி. பாட்டும் மௌனமும் சேர்ந்தால்தான் பிரார்த்தனை முழுமையாகும் என்கிறது ஒன்று. வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் அடிபட்டு வந்தவரைக் கண் மூடி இருக்கச் சொன்னால் குறட்டைதான் கேட்கும் என்கிறது மற்றது.

எனக்கு இரண்டிலும் விருப்பம் உண்டு. ஒரே கூட்டத்தில் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை. மௌனம் தொடக்கத்திலா, நடுவிலா, கடைசியிலா? யார் தொடங்குவது, யார் முடிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: மரைன் டிரைவ் பக்கம் என்பதால் ரயில் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பம்பலப்பிட்டி மாமா

பிள்ளை, கூட்டுப்பிரார்த்தனை என்றால் கூடிப் பாடுவது. நாங்கள் படிக்கும் காலத்தில் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அதுதான் நடந்தது. நடுவில் நிறுத்திவிட்டு மூச்சைக் கவனி என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. இந்தக் கண்மூடி வேலையெல்லாம் கொழும்பு ஏழில் யோகா வகுப்புகள் முளைத்த பிறகு வந்தது. தியானம் செய்ய ஆசையென்றால் அவரவர் வீட்டில் சாமியறை இருக்கிறது, யாரும் தடுக்கப் போவதில்லை. இருபது பேர் கூடினால் இருபது குரலும் கேட்க வேண்டும். முருகனுக்குக் காது நன்றாகவே கேட்கும், அதற்காக நாங்கள் வாயை மூட வேண்டியதில்லை.

தேரடித் தூசு

மாமா, யோகா வகுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமிகள் 1964 இல் சமாதியாகும் வரை தன்னைத் தேடி வந்தவர்களுக்குச் சொன்னதில் முதன்மையானது "சும்மா இரு" என்பது. அதே யோகர் சுவாமிகள்தான் நற்சிந்தனைப் பாடல்களையும் பாடினார். கொழும்பில் எத்தனையோ வீடுகளில் அவற்றை இன்றும் கூடிப் பாடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் பாடியிருப்பீர்கள்.

அவருடைய குரு செல்லப்பா சுவாமிகள் நல்லூர்த் தேரடியில் திரிந்தவர். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. அந்தத் தேரடியில் இருந்து வந்த வாக்கியங்களைப் பாருங்கள்: ஒரு பொல்லாப்புமில்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. இவற்றை இராகம் போட்டு இழுக்கவும் முடியாது, எடுத்துவைத்துப் பிரசங்கம் செய்யவும் முடியாது. ஒரு தரம் சொன்னால் அதற்கு மேல் கதைக்க ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அவற்றைப் பிடித்துக்கொண்ட சீடர் வாழ்நாள் முழுவதும் பாடினார்.

இது ஒரு ஊர்ப் பழக்கமும் அல்ல. "சும்மா இரு, சொல் அற" என்று முருகன் சொன்னதைக் கந்தரநுபூதியில் அருணகிரிநாதர் எழுதிவைத்திருக்கிறார். தாயுமானவருக்கு மௌனகுரு சொன்னதும் ஏறக்குறைய அதுதான். சும்மா இருக்கச் சொன்ன பிறகு தாயுமானவர் ஆயிரத்துக்கும் மேலே பாடல் பாடியிருக்கிறார்! எனக்கு இதை நினைத்தால் எப்போதும் சிரிப்பு வரும். பாட்டு ஒரு கட்சி, மௌனம் ஒரு கட்சி என்று பிரித்தது நாங்கள்தான்.

எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். திருவாசக முற்றோதலில் இருந்திருக்கிறீர்களா? 51 பகுதி, 658 பாடல். காலையில் தொடங்கினால் பின்னேரமாகிவிடும். கடைசி அச்சோப் பதிகம் முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். யாரும் அறிவிப்பதில்லை, மணி அடிப்பதில்லை. புத்தகத்தை மூடக்கூட மனம் வராது. அந்த நேரத்தைத்தான் நீங்கள் வெள்ளிக்கிழமையில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாடி முடித்தால்தான் அது வரும். நடுவில் செருகாதீர்கள்.

கொட்டாஞ்சேனை மேரி

நான் கத்தோலிக்கப் பெண், சைவ நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவிலும் வைக்கலாம். அதற்கென்றே ஒரு வழிபாடு இருக்கிறது.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தேசே என்று ஒரு சின்னக் கிராமம். 1940 இல் சகோதரர் ரோஜர் அங்கே வந்து குடியேறினார். பிறகு பல திருச்சபைகளைச் சேர்ந்த துறவிகள் அவரோடு சேர்ந்தார்கள். காலப்போக்கில் பல நாட்டு இளையோர் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கியதும் ஒரு சிக்கல் வந்தது: ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, பத்துச் சரணமுள்ள பாட்டை யாரால் பாட முடியும்? அதனால் ஓரிரு வரிப் பாடல்கள் செய்தார்கள். அவற்றில் நிறையவற்றுக்கு இசையமைத்தவர் ஜாக் பெர்த்தியே. அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் பாடுவது. நாலைந்து தடவைக்குப் பிறகு தாளைப் பார்க்கத் தேவையில்லை. இன்னும் கொஞ்சம் போனால், என் குரல் நன்றாக இருக்கிறதா என்ற யோசனையும் விட்டுப்போகும். எனக்கு அந்த இரண்டாவதற்குத்தான் நேரம் எடுக்கும்.

வேத வாசகத்துக்குப் பிறகு, வழிபாட்டின் நடுப்பகுதியில், எட்டுப் பத்து நிமிடம் முழு அமைதி. கண்ணை மூடு என்பதில்லை, மூச்சை எண்ணு என்பதில்லை, பின்னணியில் புல்லாங்குழலும் இல்லை. அது முடியும்போது அடுத்த பாட்டு தொடங்கும், அவ்வளவுதான். நடுவில் வைப்பதில் ஒரு நன்மை உண்டு: அமைதிக்குப் பிறகு திரும்பவும் பாடுகிறீர்கள். அந்தப் பாட்டை எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு பாடுவார்கள். கடைசியில் வைத்தால் பாதிப் பேருக்குச் செருப்பை எங்கே விட்டோம் என்ற நினைப்பு வந்துவிடும்.

எங்கள் கோயில்களில் இன்னொரு வகை அமைதியும் இருக்கிறது. பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்திய வியாழன்) பூசையில் "உன்னதங்களிலே" பாடும்போது மணிகள் எல்லாம் அடிக்கும். அதன் பிறகு உயிர்ப்புத் திருவிழிப்பு வரை மணி இல்லை. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். பாட்டு நிற்காது, வெறும் குரலில் பாடுவோம். சனி இரவு மணி திரும்ப அடிக்கும்போது, வருடம் முழுவதும் அதைக் கவனிக்காதவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். வாயை மூடுவதற்கு முன் வாத்தியங்களை மூடிப் பாருங்கள் என்று சொல்ல வருகிறேன்.

பம்பலப்பிட்டி மாமா

மேரி பிள்ளை, செருப்பு விஷயம் உண்மை. மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

மிருதங்கக்காரன்

கொழும்பில் பல பஜனைகளுக்கு வாசித்திருக்கிறேன். என்னைக் கேட்டால், மௌனத்தை எங்கே வைப்பது என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முந்திய பாட்டு எது என்பதுதான் முதலாவது.

பஜனை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மெதுவாக ஒரு முறை, பிறகு இரட்டை வேகம், கைதட்டல், நான் ஒரு தீர்மானம் வைத்து முடிப்பேன். எல்லோருக்கும் வேர்த்திருக்கும், முகம் மலர்ந்திருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த இடத்தில் "இனி அமைதி" என்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவனை உடனே தூங்கச் சொல்வது போல. வாய் மூடியிருக்கும், உள்ளே பாட்டு அதே வேகத்தில் சுற்றும்.

அதனால் வேகமான பாடல்களை நடுவில் வைத்துவிட்டு, அதன் பிறகு இறங்கி வாருங்கள். ஒரு பாட்டில் கைதட்டலை விடுங்கள். அடுத்ததில் மிருதங்கத்தை விடுங்கள் (எனக்குக் கோபமில்லை, கடலைக்கு முதலில் போய் நிற்பேன்). கடைசியில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரே ஒரு வரி. அதை ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் முறை வேண்டாம். அந்த முறையில் எப்போதும் கூட்டத்தில் ஒரு பாதி தன் முறைக்குக் காத்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் பாட வேண்டும். சாமா மாதிரி நிதானமான இராகம் பொருந்தும். நீலாம்பரி மட்டும் வேண்டாம், குறட்டைக் கட்சி வென்றுவிடும்.

"மெதுவாகப் பாடுங்கள்" என்று வாயால் சொல்லாதீர்கள். முன்னால் இருப்பவர் குரலைக் குறைத்தால் மற்றவர்கள் தானாகக் குறைப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசிச் சுற்றில் உதடு மட்டும் அசையட்டும். அதன் பிறகு நிற்கும். அதை அறிவிக்க ஒருவர் தேவையில்லை.

ஒரு தொழில் விஷயமும் சொல்ல வேண்டும்: சுருதி. பெண்கள் அதிகம் என்று ஐந்து கட்டையில் வைப்பீர்கள், ஆண்கள் எட்ட முடியாமல் பேசாமல் இருப்பார்கள். அவர்கள் முதல் பாட்டிலேயே மௌனத்துக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி வரியையாவது எல்லோருக்கும் எட்டும் சுருதியில் எடுங்கள். அப்புறம், இருபது பேருக்கு மைக் எதற்கு? மைக் இருந்தால் ஒருவர் பாடுவார், பத்தொன்பது பேர் கேட்பார்கள். நிறுத்தினாலும் ஸ்பீக்கர் உறுமிக்கொண்டே இருக்கும்.

மருதானை நாநா

மிருதங்கத் தம்பி சொன்னதை வாசித்துவிட்டு ஒரு மாற்றுக் கருத்து. எங்களிடம் திக்ர் இருக்கிறது, அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது. கூடி ஓதும் ராத்திப்பும் இருக்கிறது. திக்ரில் இரண்டு வகை: உரத்துச் சொல்வது ஜஹ்ர், உள்ளத்துக்குள் சொல்வது கஃபி. காதிரிய்யா, ஷாதுலிய்யா என்ற சூஃபி வட்டங்களில் கூடி உரத்துச் சொல்வார்கள். நக்ஷபந்திய்யா வழியில் பெரும்பாலும் உள்ளத்துக்குள். (இந்த வட்டங்களையே ஏற்காதவர்கள் எங்களுக்குள் உண்டு. அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம், வேறு இடத்தில் போதுமான அளவு நடக்கிறது.)

உரத்த திக்ர் மெதுவாகத் தொடங்கும், போகப் போக வேகம் பிடிக்கும், சொற்கள் குறைந்துகொண்டே வரும். உங்கள் பஜனை போலத்தான். ஆனால் அதன் உச்சியில் இருந்து மெல்ல இறங்கி வருவதை விட, அப்படியே நிறுத்திவிட்டு அசையாமல் இருப்பதைப் பழைய சூஃபி நூல்கள் சொல்கின்றன. திக்ருக்குப் பிந்திய ஒழுக்கம் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள்: முடிந்ததும் எழும்பக் கூடாது, உடம்பை அசைக்காமல் இருக்க வேண்டும், மூச்சையும் கொஞ்சம் அடக்க வேண்டும், உடனே தண்ணீர் குடிக்கக் கூடாது. திக்ர் உள்ளே ஒரு சூட்டை உண்டாக்குகிறது, தண்ணீர் அதை அணைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த நேரத்தில் உள்ளத்தில் வந்து இறங்குவதை வாரித் என்பார்கள். அதற்குக் காத்திருப்பதும் திக்ரின் ஒரு பகுதி, அது முடிந்த பிறகு வரும் இளைப்பாறல் அல்ல.

ஆகவே சூட்டோடு நிறுத்துவதும் ஒரு வழி. ஓடி வந்தவனைப் படுக்கச் சொல்லவில்லை, அவன் நெஞ்சு அடிப்பதைக் கேட்கச் சொல்கிறோம். எங்கள் வயது ஆட்களுக்கு இது கொஞ்சம் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதுவாக இருந்தாலும் கடலையும் தேத்தண்ணியும் கொஞ்சம் பிந்தட்டும்.

மிருதங்கக்காரன்

நாநா, அது குருவின் கீழ் பழகிய ஆட்களுக்குச் சரி. வெள்ளவத்தையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வரும் அம்மாக்களுக்கு இறங்கி வருவதுதான் நல்லது. ஆனால் தண்ணீர் விஷயம் அருமை.

கணக்குப்பிள்ளை

இதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவும் 2001 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லத்தீனில் செபமாலை சொல்பவர்களையும் "ஓம் மணி பத்மே ஹூம்" சொல்பவர்களையும் பரிசோதித்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவையாகக் குறைந்தது. யாரும் அவர்களை மூச்சைக் குறைக்கச் சொல்லவில்லை. சொல்லின் நீளமே அதைச் செய்துவிட்டது.

அதே பெர்னார்டியின் 2006 ஆய்வுதான் இந்த இழைக்கு நேராகப் பொருந்துவது. 24 பேர், பாதிப் பேர் இசைக்கலைஞர்கள். ஆறு வகை இசையைக் கேட்க வைத்தார்கள், இடையில் இரண்டு நிமிடம் ஒன்றும் ஒலிக்காமல் விட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும், இசை தொடங்குவதற்கு முன் அவர்கள் ஓய்வாக இருந்த நிலையை விடவும் கீழே போயின. அதாவது பாட்டுக்குப் பிறகு வரும் அமைதியும் வெறும் அமைதியும் உடம்புக்கு ஒன்றல்ல. 2013 இல் சுவீடனின் கோதன்பர்க்கில் செய்த இன்னொரு ஆய்வில், சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. பாட்டின் வரிகள் எல்லோரையும் ஒரே நேரத்தில் மூச்செடுக்க வைப்பதுதான் காரணம்.

இதையெல்லாம் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. 24 பேர் என்பது சின்னக் கூட்டம், அவர்கள் பாடவில்லை, கேட்டார்கள். இரத்த அழுத்தம் குறைந்தால் பக்தி கூடிவிட்டது என்றும் எழுத முடியாது. ஆனால் மிருதங்க அண்ணை சொன்ன ஒற்றை வரிக்கு இதில் ஒரு அளவு கிடைக்கிறது: நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு வரிக்குப் பத்து வினாடி. அந்த நீளத்துக்கு ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள்.

மைக் பற்றி: இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பற்றி உச்ச நீதிமன்றம் 2007 இல் கட்டுப்பாடு போட்டது. நீங்கள் எட்டு மணிக்குள் முடிப்பதால் சட்டச் சிக்கல் இல்லை, கீழ்மாடிக்காரர் சிக்கல் மட்டும்தான்.

வன்னிமகள்

எல்லோரும் மௌனம் நல்லது என்ற இடத்தில் இருந்து எழுதுகிறீர்கள். அதனால் ஒன்று சொல்ல வேண்டும்.

2009 இல் நாங்கள் பங்கருக்குள் இருந்தவர்கள். அங்கே சத்தம் நின்றால் நிம்மதி வராது. அடுத்த செல் எங்கே விழப் போகிறது என்று காதைக் கொடுத்துக் காத்திருப்போம். என் அம்மா இப்போது என்னோடு கொழும்பில் இருக்கிறார். ரேடியோ ஓடாமல் வீட்டில் இருக்க மாட்டார், இரவிலும்தான். கூட்டுப்பிரார்த்தனை என்றால் அவருக்கு உயிர். வரிகள் மறந்துபோனாலும் பக்கத்தில் இருப்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவார். வீட்டில் தனியாக அவர் பாடிக் கேட்டதில்லை.

ஒரு நிகழ்ச்சியில் பாட்டு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தார். எழும்பி வெளியே வந்துவிட்டோம். அந்த இடத்துக்கு அவர் திரும்பப் போகவில்லை. உங்கள் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருக்கலாம், சொல்ல மாட்டார்.

மௌனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கை அணைக்காதீர்கள். கண் திறந்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எவ்வளவு நேரம் என்பதையும் முன்பே சொல்லுங்கள், முடிவு தெரியாமல் காத்திருப்பதுதான் கொடுமை. உதட்டுக்குள் பாட வேண்டும் போல இருப்பவர் பாடட்டும். யாராவது எழும்பி வெளியே போனால் திரும்பிப் பார்க்காதீர்கள், பின்னால் போய் "என்ன, சுகமில்லையா" என்று கேட்காதீர்கள். பத்து நிமிடம் மிக நீளம்.

பம்பலப்பிட்டி மாமா

83 ஜூலையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு நாள் முழுவதும் சத்தம். அதன் பிறகு சத்தமே இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. பிள்ளை சொன்னது போல விளக்கு எரியட்டும்.

கொட்டாஞ்சேனை மேரி

வன்னிமகள் அக்கா, தேசே வழிபாட்டில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டே இருக்கும். கண்ணை எங்கேயாவது வைக்க ஒன்று வேண்டும். உங்கள் பதிவைப் படித்த பிறகு அதன் தேவை எனக்கு இன்னும் தெளிவாகிறது.

லயத்துப் பையன்

நான் பதுளைப் பக்கம், இப்போது புறக்கோட்டையில் வேலை. எங்கள் தோட்டத்தில் மார்கழி பஜனை உண்டு. விடியும் முன் கோயிலில் கூடி, லயம் லயமாக (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) போய்ப் பாடுவோம். ஒரு லயத்தில் பாடி முடித்து அடுத்த லயத்துக்கு ஏறும்போது யாரும் பாட மாட்டார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், வேறு காரணமில்லை! குளிரில் காதை மூடிக்கொண்டு, முன்னால் போகும் லாந்தர் வெளிச்சத்தைப் பார்த்து நடப்போம். அடுத்த வாசலில் பாட்டைத் தொடங்கும்போது குரல் புதிதாக இருக்கும்.

இருந்த இடத்தில் சும்மா இருக்கத்தான் வேண்டுமா? நடக்கலாமே. உங்கள் மொட்டைமாடியைச் சுற்றி ஒரு தரம் பேசாமல் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்து பாடுங்கள். தூக்கமும் வராது. வன்னி அக்காவின் அம்மா போன்றவர்களுக்கும் அது லேசாக இருக்கும் என்று தோன்றுகிறது.

தெஹிவளை வாசகி

வேறு ஒரு கோணம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா போயா (பௌர்ணமி) தினத்தில் வெள்ளை உடுத்திப் பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்குப் போய் எட்டுச் சீலம் எடுப்பவர். அந்த எட்டில் ஏழாவது, ஆடல் பாடல், வாத்தியம், வேடிக்கை, மாலை, வாசனைப் பூச்சு எல்லாவற்றையும் விடுவது. அதாவது அவருக்கு அமைதி நாள் என்றால் பாட்டு இல்லாத நாள். பிக்குகள் இரவு முழுவதும் பிரித் என்ற பாதுகாப்புச் சூத்திரங்களை ஓதுவதையும் அவர் பாட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

அங்குத்தர நிகாயம் என்ற பாளி பௌத்த நூலில் இதற்கு ஒரு சின்னச் சூத்திரமே இருக்கிறது. தர்மத்தை நீட்டி இழுத்து இராகத்தோடு ஓதுவதில் ஐந்து தீங்கு என்று புத்தர் சொல்கிறார். ஓதுபவர் தன் குரலிலேயே மயங்குவார் என்பது முதலாவது. கேட்பவரும் மயங்குவார். குரலைச் சரிசெய்யப் போனால் மன ஒருமை கலையும். நாம் பாடுவது போலத்தானே இவர்களும் பாடுகிறார்கள் என்று இல்லறத்தார் முறைப்படுவார்கள். பின்னால் வருபவர்களும் இதையே பிடித்துக்கொள்வார்கள்.

அந்த முதலாவதைப் படித்ததும் எங்கள் சொந்தக் கூட்டங்கள் ஞாபகம் வந்தன. எந்தப் பாட்டை யார் எடுப்பது என்பதில் எவ்வளவு மனத்தாங்கல்! சங்கீதம் படித்தவர் எடுத்தால் மற்றவர்கள் பின்தொடர முடியாது. படிக்காதவர் எடுத்தால் படித்தவர் முகம் சுளிப்பார். பாட்டும் மௌனமும் எளிதாகச் சேர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. நன்றாகப் பாடிய ஒருவருக்கு அடுத்த ஐந்து நிமிடமும் தன் பாட்டுத்தான் காதில் ஓடும். எனக்கு ஓடும்.

இதே சமூகம்தான் வெசாக் வந்தால் தெருத்தெருவாக மேடை கட்டிப் பக்தி கீதம் பாடுகிறது என்பதும் உண்மை. அதனால் நான் இதை ஒரு தீர்ப்பாகச் சொல்லவில்லை.

தேரடித் தூசு

அந்தச் சூத்திரம் எனக்குப் புதிது, நன்றி. மேரி அக்கா சொன்ன ஒற்றை வரிக்கு இங்கேயும் இடமிருக்கிறது. ஒரே வரியைப் பதினைந்து தரம் எல்லோரும் சேர்ந்து பாடும்போது யாரும் சங்கதி போட்டு வித்தை காட்ட முடியாது.

வெள்ளவத்தையாள்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அக்காமாரோடு இருந்து இப்படி ஒழுங்கு செய்திருக்கிறோம்: வேகமான பஜனைகளை முன்னுக்குக் கொண்டுவருகிறோம். பிறகு திருப்புகழ், மிருதங்கம் இல்லாமல். அதன் பிறகு ஒற்றை வரி. பிறகு மூன்று நிமிடம், பத்து அல்ல. அதற்குப் பின் வாழ்த்தை எல்லோரும் சேர்ந்து பாடுகிறோம், ஆகவே மாமாவுக்குக் கடைசிச் சொல் பாட்டாகவே இருக்கும். விளக்கு எரியும், கண் திறந்திருக்கலாம், கதவும் திறந்திருக்கும். இதைத் தொடக்கத்திலேயே ஒரு தரம் சொல்லிவிடுவோம், நடுவில் யாரும் பேசுவதில்லை.

ஒரு கேள்வி மிச்சம்: மௌனத்தின்போது சுருதிப்பெட்டியை நிறுத்துவதா, ஓடவிடுவதா?

மிருதங்கக்காரன்

நிறுத்துங்கள். ஓடினால் எப்போது அடுத்த பாட்டு என்று காது காத்துக்கொண்டே இருக்கும்.

வன்னிமகள்

ஓடட்டும். அம்மாவுக்கு அது போதும்.

மருதானை நாநா

மிருதங்கத் தம்பி கோபிக்கக் கூடாது. ஓடட்டும்.

வெள்ளவத்தையாள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். சுருதிப்பெட்டியை ஓடவிட்டோம், சத்தத்தை நன்றாகக் குறைத்து.

ஒற்றை வரி சரியாக வரவில்லை. முன்னால் இருந்தவர் குரலைக் குறைக்க, பின்வரிசை அதைக் கேளாமல் இன்னும் உரத்துப் பாடியது. வட்டமாக இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று பிறகு பேசிக்கொண்டோம். எப்படியோ ஓய்ந்தது. முதல் நிமிடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், உடனே இன்னும் நாலு பேர் செருமினார்கள். ஒரு சின்னப் பிள்ளை "முடிஞ்சுதா?" என்று கேட்டது, எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகுதான் கொஞ்சம் லேசானது. அதற்குள் பாணந்துறைப் பக்கம் போகும் ரயில். வழக்கமாக ரயில் வந்தால் அதை மேவிப் பாடுவோம். நேற்று அது முழுவதும் போய் முடியும் வரை எல்லோரும் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

இரண்டு பேர் நடுவில் எழும்பிப் போனார்கள். ஒருவர் ஃபோன் எடுக்க. மற்றவரிடம் நாங்கள் கேட்கவில்லை, வாழ்த்துக்குத் திரும்பி வந்துவிட்டார். எல்லோரிலும் மூத்த அம்மா ஒருவர் வாழ்த்தைத் தொடங்கினார். அவர் ஒருநாளும் முதல் குரலாகப் பாடியவர் அல்ல. சுருதி எங்கேயோ இருந்தது, எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டோம்.

குறட்டைக் கட்சியின் தலைவர் தூங்கவில்லை என்கிறார். நாங்கள் நம்பவில்லை.

பம்பலப்பிட்டி மாமா

சுருதி எங்கேயோ இருந்தது என்றால் அடுத்த தரம் அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே சுருதி கொடுத்துவிடுங்கள். அல்லது நான் வந்து பக்கத்தில் இருக்கிறேன். வெள்ளி எத்தனை மணிக்கு?

வெள்ளவத்தையாள்

ஆறரைக்கு, மாமா. வட்டமாக இருக்கப் போகிறோம், அதனால் கொஞ்சம் முந்தி வந்தால் சுவரோரம் சாய்ந்து இருக்க இடம் கிடைக்கும். லிஃப்ட் பழுது, திருத்த ஆள் வியாழன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் கீழே நின்று ஒரு கோல் எடுங்கள், பிள்ளைகள் யாராவது வந்து கூட்டி வருவார்கள்.